காளைக்கு மார்க் போடுவது யாருங்க?

காங்கேயம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? காளை. சரி, அப்புறம்? அப்புறமும் காளைதான்!

அந்த ஊர்க்காரர்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. கோவையிலிருந்து பல்லடம் வழியாகப் பஸ்ஸில் போனால் ஊர் நெருங்கும்போதே தேங்காய்ப் பருப்பு வாசனை மூக்கில் ஏறுகிறது. வரிசையாக உலர் களங்கள், எண்ணெய் ஆலைகள், அரிசி ஆலைகள். கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கிற ஊர். ஆனால் தபால்துறை 2000-ஆம் ஆண்டில் நாட்டு மாடுகளுக்காகத் தபால்தலை வெளியிட்டபோது தேடி வந்து படம் போட்டது காளையைத்தான். எண்ணெய் ஆலை முதலாளி யாருடைய படமும் வரவில்லை.

பக்கத்திலேயே சிவன்மலை. அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி. பக்தர் ஒருவர் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். சாமியிடம் பூப்போட்டுக் கேட்டு, அது சரிதான் என்று உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளைப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த கனவு வரும் வரை அதுதான். அப்பீல் கிடையாது. இந்த வட்டாரத்தில் தெளிவாக, ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு சொல்லும் இடம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மற்ற எல்லாத் தீர்ப்புகளும் மாட்டைச் சுற்றி நடக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட இவ்வளவு சுலபமில்லை.

கண்ணபுரம் போய்ப் பாருங்கள், புரியும்.

காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் பக்கம் போனால் ஓலப்பாளையம். அதை ஒட்டி கண்ணபுரம். சின்ன ஊர். விக்கிரமசோழீஸ்வரர் கோயில் ஒன்று, மாரியம்மன் கோயில் ஒன்று. சித்திரை மாதம் மாரியம்மனுக்குத் தேர். அந்தத் தேரை ஒட்டி மாட்டுச்சந்தை. வருஷம் முழுக்கச் சும்மா கிடக்கிற காட்டில் திடீரென்று ஒரு பட்டணம் முளைத்துவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் திமில்கள். மரத்தடி கிடைத்த மாடு புண்ணியம் செய்தது. கிடைக்காததற்கு முதலாளி தன் தலைத்துண்டை நனைத்து முதுகில் போட்டிருப்பார். மூக்கணாங்கயிறு, சலங்கை, சாட்டை விற்கிற கடைகள் ஒரு பக்கம். கரும்புச்சாறும் கம்மங்கூழும் இன்னொரு பக்கம். வெயில் மட்டும் எல்லாப் பக்கமும்.

இங்கே மேடை கிடையாது, மைக் இல்லை, நடுவர் என்று பேட்ஜ் குத்திக்கொண்டு யாரும் நிற்பதில்லை. ஆனால் அங்கே நடப்பது பூராவும் தீர்ப்புதான். ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் நாலு பேர் நிற்கிறார்கள். ஒருத்தர் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறார். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பி.காம். பாடத்திட்டத்தில் இதெல்லாம் இல்லை. கீழ்வரிசையில் எட்டு. பால்பல் விழுந்து நிலைப்பல் ஜோடி ஜோடியாக முளைக்கும். அதை வைத்து 'பல் போடாதது', 'ரெண்டு பல்', 'நாலு பல்', 'ஆறு பல்' என்று வயசு சொல்கிறார்கள். எட்டும் வந்துவிட்டால் 'கடை சேர்ந்தது'. மாடு தன் பர்த் சர்டிபிகேட்டை வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறது, திருத்த முடியாது.

இன்னொருத்தர் மாட்டைச் சுற்றி வந்து மயிர்ச் சுழிகளை எண்ணுகிறார். நெற்றியில் ஒன்று, திமிலில் ஒன்று, முதுகில் ஒன்று. ராஜ சுழி, கோபுரச் சுழி என்றால் முகம் மலர்கிறது. பாடைச் சுழி, விலங்குச் சுழி என்றால் பெயரிலேயே தெரிந்துவிடும், வீட்டுக்கு ஆகாது. இதில் என்னைக் கவர்ந்தது பூரான். முதுகுத்தண்டில் மயிர் பூரான் மாதிரி நீளமாகச் சுழித்திருக்கும். அது தலையைப் பார்த்து ஏறினால் ஏறு பூரான், குடும்பம் ஏறும். வாலைப் பார்த்து இறங்கினால் இறங்கு பூரான், சகலமும் இறங்கும்.

நான் நின்ற இடத்தில் ஒரு காளைக் கன்று. ரெண்டு பல். கண்ணைச் சுற்றி மை தீட்டியது மாதிரி கறுப்பு வளையம். காலை ஊன்றி நின்ற தோரணையைப் பார்த்தால் எனக்கே வாங்கிவிடலாமா என்று தோன்றியது (குடியிருப்பது மூன்றாவது மாடி). வந்தவர்கள் எல்லாரும் பல்லைப் பார்த்தார்கள், திருப்தி. கொம்பைப் பார்த்தார்கள், திருப்தி. முதுகைத் தடவினார்கள். உடனே, 'வர்றனுங்க' என்று நடையைக் கட்டினார்கள்.

பக்கத்தில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க ஐயா, நல்லாத்தானே இருக்குது?"

"மாடு நல்ல மாடுதானுங் தம்பி. பூரான் எறங்குதுங்களே."

"அதை நீங்க நம்பறீங்களா?"

பெரியவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். நானும் மாடாகியிருந்தால் அப்போதே சுழி பார்த்திருப்பார். "நா நம்பறனோ இல்லியோ, நாளைக்கு நா விக்கோணும்னா வாங்கறவன் நம்புவானுங்களே!"

ஷேர் மார்க்கெட்டைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அவரே மேற்கொண்டு பாடம் எடுத்தார். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலை. ஆறு மாதம் போல ஆனதும் சிவப்பு உதிர்ந்து சாம்பல் நிறம், அதாவது மயிலை ஆகிவிடும். காளையாக வளர வளர திமிலிலும், முன்சப்பையிலும் பின்சப்பையிலும் கறுப்பு ஏறும். அந்தக் கறுப்புதான் அதன் மிடுக்கு. காயடித்து எருதாக்கிவிட்டால் கறுப்பு மெல்ல வெளுத்துவிடும். கொம்பு வெளிப்பக்கமாகப் போய்ப் பின்னால் வளைந்து, நுனிகள் நெருங்கி வந்து கிட்டத்தட்ட ஒரு வட்டம் போட வேண்டும். அலைதாடி தொங்கக் கூடாது, மெல்லிசாக இருக்க வேண்டும். இனம் பெருக்க விடுகிற காளையைப் பூச்சிக் காளை என்கிறார்கள். பெயரைக் கேட்டுச் சின்னதாக நினைத்துப் பக்கத்தில் போகாதீர்கள்!

விலை பேசுவது தனி நாடகம். தரகர் ஒரு துண்டைப் போடுகிறார். விற்பவர் கை, வாங்குபவர் கை இரண்டும் துண்டுக்குள். விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, அழுத்தினால் ஒரு கணக்கு. வெளியே இருவரும் மழை இல்லாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே ஆயிரங்கள் ஏறி இறங்குகின்றன. நம் ஆபீஸில் மேனேஜர் எழுதுகிற கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட் மாதிரி. என்ன, மாட்டுக்காவது சாயங்காலமே ரிசல்ட் தெரிந்துவிடும்.

ஓலப்பாளையம் என்று சொன்னேன் அல்லவா, அந்த ஊருக்கு இன்னொரு கதை உண்டு. 1964-இல் பிரெண்டா பெக் என்கிற இளம்பெண் ஆராய்ச்சிக்காக அங்கே வந்து இரண்டு வருஷம் தங்கினார். பிறகு கனடாவில் பேராசிரியர் ஆனவர். கொங்கு நாட்டுக் குடியானவர் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1972-இல் வந்தது. அங்கே உடுக்கடித்துப் பாடப்பட்ட அண்ணன்மார் கதையை, அதாவது நம் பொன்னர் - சங்கர் கதையை, டேப்பில் பதிவு செய்து உலகத்துக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். அண்ணன் தம்பி இருவரும் போர்க்களத்தில் சாகிறார்கள். தங்கை அருக்காணி தங்காள் தேடி வந்து எழுப்புகிறாள். மணப்பாறை பக்கம் வீரப்பூரில் மாசி மாதம் அந்தப் போர்க்களத்தையே திரும்ப நடத்துகிறார்கள். படுகளம் என்று பெயர். இளைஞர்கள் மாண்ட வீரர்களாகத் தரையில் விழுந்து கிடப்பார்கள்; பிறகு எழுப்பப்படுவார்கள். ஜனம் அழும். அங்கே போய் 'சிறப்பாக விழுந்தவருக்கு முதல் பரிசு' என்று யாராவது மைக்கில் அறிவித்தால், அறிவித்தவர் அப்புறம் எழுந்திருக்க மாட்டார்.

அமெரிக்காக்காரர்கள் அப்படி இல்லை. அவர்கள் அதற்கும் மார்க் போடுகிறார்கள்!

1966-இல் கலிபோர்னியாவில் பெர்க்லி என்கிற ஊரில் சில நண்பர்கள் சேர்ந்து ஆரம்பித்தது, 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்' என்கிற சங்கம். பேரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு போரே முடிந்துவிடும். ஐரோப்பாவின் இடைக்கால ராஜா - ராணி - குதிரைவீரன் வாழ்க்கையை வேஷம் கட்டி வாழ்ந்து பார்ப்பது அவர்கள் பொழுதுபோக்கு. பென்சில்வேனியாவில் 1972-இல் தொடங்கிய 'பென்சிக் வார்' என்கிற கூடாரத் திருவிழாவுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். வாரம் பூராவும் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருந்த ஆசாமி, லீவு போட்டுவிட்டு இரும்புச் சட்டை மாட்டிக்கொண்டு சண்டை போடுகிறார். வாள் எது தெரியுமா? பிரம்பு! நம் பள்ளிக்கூட வாத்தியார் வைத்திருந்த அதே பிரம்பின் தடித்த பெரியண்ணன்.

நான் சொல்ல வந்தது சண்டையை அல்ல, தீர்ப்பை. அடி பலமாக விழுந்ததா, நிஜ வாளாயிருந்தால் ஆள் செத்திருப்பானா என்பதை அங்கே முடிவு செய்வது அடி வாங்கினவன்தான். 'சரி, நான் செத்தேன்' என்று அவனே சொல்லிக்கொண்டு விழ வேண்டும். சும்மா தட்டினதுபோல இருந்தால் தலையை ஆட்டிவிட்டுச் சண்டையைத் தொடரலாம். கூடவே கைவேலைப் போட்டிகளும் உண்டு. அந்தக் காலத்து அங்கி ஒன்று தைத்துக்கொண்டு போனால், துணிக்கும் தையலுக்கும் என்ன ஆதாரம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவர்கள் அதைப் படித்து மார்க் போடுவார்கள். அடி பட்டதற்கு மனச்சாட்சி போதும். ஊசி நூலுக்கு மட்டும் எழுத்துமூலமான ஆதாரம் வேண்டும். வேடிக்கையான ஜனங்கள்!

அந்த மனச்சாட்சி முறையை நம் ரேக்ளா பந்தயத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். 'அண்ணா, உங்க வண்டிதானுங்க முந்துச்சு' என்று சொல்லுகிற சாரதி... அதுவும் கொங்கு நாட்டில், பந்தயத்தில் தங்கக் காசு இருக்கும்போது. வேண்டாம், விட்டுவிடலாம்.

மதுரை, சிவகங்கை, தூத்துக்குடிப் பக்கமெல்லாம் மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் பத்துப் பதினைந்து வண்டிகளை ஒரே நேரத்தில் ரோட்டில் விரட்டுவார்கள். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவுகள். மைல் கணக்கில் ஓட்டம். எது முன்னால் வருகிறதோ அது ஜெயித்தது, குழந்தைக்கும் தெரியும். கொங்கு ரேக்ளா அப்படி இல்லை. இங்கே ஒவ்வொரு வண்டியாகத்தான் விடுவார்கள். இருநூறு மீட்டர், முந்நூறு மீட்டர் என்று இரண்டு தூரம். எதிரி பக்கத்தில் கிடையாது. எதிரி கடிகாரம்தான்.

வண்டியைப் பார்த்தால் வண்டி என்றே சொல்ல மாட்டீர்கள். இரண்டு சக்கரம், ஒரு ஏர்க்கால், நடுவே ஒரு ஆள் தொற்றிக்கொள்ள இடம். அவ்வளவுதான். நூற்றுக்கணக்கில் ஜோடிகள் பதிவாகும். கொடி அசைகிறது. 'ஹோ' என்று ஒரு சத்தம். கண்ணைச் சிமிட்டினால் தூசிதான் மிச்சம். டிக்கெட் வாங்கிப் பார்க்கிற சமாச்சாரமாக இருந்தால் முக்கால்வாசிப் பேர் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

இந்தத் தூசிக்குள் என் காமர்ஸ் மூளை ஒரு கணக்குப் போட்டது. மணிக்கு 45 கிலோமீட்டர் வேகம் என்று உத்தேசமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் விநாடிக்கு 12.5 மீட்டர். முந்நூறு மீட்டருக்கு 24 விநாடி. எல்லைக்கோட்டில் ஸ்டாப் வாட்ச்சோடு ஒருத்தர் நிற்கிறார். கண் பார்த்து, மூளை சொல்லி, கட்டைவிரல் அமுக்க விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் வண்டி இரண்டரை மீட்டர் போய்விடும். அதாவது மூக்கிலிருந்து வால்வரை ஒரு முழுக்காளை! முதல் பரிசுக்கும் மூன்றாம் பரிசுக்கும் வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருக்கும்போது, தங்கக் காசு கட்டைவிரலுக்கா, காளைக்கா?

அந்தக் காலத்து ரேக்ளாத் தகராறுகளில் பாதி இந்தக் கட்டைவிரலில் ஆரம்பித்ததுதான். 'அவரு அவிங்க மச்சாண்டார் வண்டிக்குச் சுருக்கா அமுக்கிப்போட்டாருங்க' என்பார்கள். இப்போது பெரிய பந்தயங்களில் கோட்டில் சென்சார் வந்துவிட்டது, கேமரா வந்துவிட்டது, சிவப்பு எழுத்தில் நேரம் காட்டும் போர்டு வந்துவிட்டது. விநாடியை நூறு கூறு போடுகிறார்கள். சென்சாருக்கு மாமன் மச்சான் இல்லை. பேச்சுக்கு இடமில்லாமல் போனதில் சிலருக்கு உள்ளூர வருத்தம்கூட இருக்கிறது. பந்தயம் முடிந்தபிறகு டீக்கடையில் பேச என்னதான் மிச்சம்?

நேரம் தவிர நடுவர்கள் பார்க்க வேண்டிய வேறு விஷயமும் இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம். குச்சி நுனியில் ஆணி இருக்கிறதா, ஓட்டுகிறவன் வாலைக் கடிக்கிறானா, முறுக்குகிறானா, மாட்டுக்கு எதையாவது ஊற்றிவிட்டிருக்கிறானா. இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் விட்ட பந்தயங்களும் இருந்தன. கோர்ட்டுக்குப் போனவர்கள் சொன்னதில் அந்தப் பகுதி பொய்யில்லை. 2011-இல் மத்திய அரசு, காட்சிக்குப் பயன்படுத்தக் கூடாத விலங்குகள் பட்டியலில் காளையையும் சேர்த்தது. புலி, கரடி, சிங்கத்தோடு! 2014 மே 7-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. பிறகு 2017 ஜனவரி. மெரினா நமக்குத் தெரியும். கோவையில் வ.உ.சி. மைதானத்திலும் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க ஆபீஸிலிருந்து நேரே வந்து உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் வாழ்க்கையில் ஒரு மாட்டைத் தொட்டிருப்பார்கள் என்று கேட்பது குசும்பு. ஆனாலும் வந்தார்கள். அவசரச் சட்டம் வந்தது, சட்டம் வந்தது, வழக்கும் கூடவே வந்தது. 2023 மே 18-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. இடையில் அந்த மூன்று வருஷம் ரேக்ளா இல்லை.

மூன்று வருஷம் பந்தயம் இல்லாவிட்டால் என்ன குடி மூழ்கிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். பெரியவர்தான் கணக்கு சொன்னார். அந்தக் கணக்கை ஒரு பேலன்ஸ் ஷீட்டாகவே போடலாம்.

பசு பால் தரும். காங்கேயம் பசு கொஞ்சமாகத்தான் தரும். கலப்பினப் பசு தருவதில் கால்பங்கு கறந்தாலே பெரிது. இருந்தாலும் தரும். காளை என்ன தரும்? ஒரு காலத்தில் உழுதது. கிணற்றில் கவலை இறைத்தது. வண்டி இழுத்தது. உழவுக்கு டிராக்டர் வந்தது, கிணற்றுக்கு மோட்டார் வந்தது, வண்டிக்கு டெம்போ வந்தது. காளையின் வரவுப் பக்கம் முழுக்கக் காலி. செலவுப் பக்கம் மட்டும் தினமும் இரண்டு வேளை வாயைத் திறக்கிறது. ஒரு ஊருக்கு இனம் பெருக்க ஒன்றிரண்டு பூச்சிக் காளை போதும். ஆனால் பிறக்கிற கன்றுகளில் பாதி ஆண். மிச்சம் உள்ளவை எங்கே போகும்? கேரளா லாரிக்கு. 1990-இல் சுமார் 11 லட்சத்து 74 ஆயிரமாக இருந்த காங்கேயம் மாடுகள் 2000-இல் சுமார் 4 லட்சத்து 79 ஆயிரமாகக் குறைந்தன. பத்தே வருஷத்தில்!

ஆகவே சந்தையில் யாரோ ஒருவர் ஒரு காளைக் கன்றைப் பார்த்து 'இது ஓடும்' என்றோ, 'இது பூச்சிக்கு ஆகும்' என்றோ சொன்னால்தான் அதற்கு வாழ்வு. அப்படி ஒரு சொல் கிடைக்காத கன்றுக்கு அடுத்த தீர்ப்பு கிலோ கணக்கில். ஆபீஸில் நமக்கு மார்க் குறைந்தால் இன்க்ரிமென்ட் போகும். இங்கே மாடே போய்விடும்.

முன்பு இந்தச் சொல்லைச் சொல்ல ஒரு பெரிய இடம் இருந்தது. பழையகோட்டை. அங்கே பட்டக்காரராக இருந்த நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் மந்தை சென்னை ராஜதானி முழுக்கப் பெயர்பெற்றது. கிளுவை வேலி சுற்றிய கொரங்காடு, அதற்குள் கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம். இந்த வறண்ட மேய்ச்சல்தான் மாட்டின் எலும்புக்கு உறுதி என்பார்கள். அந்த மந்தையிலிருந்து காளைகளைப் பொறுக்கி எடுத்துத் தலைமுறை தலைமுறையாக இனத்தைச் சீர்படுத்தினார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று ஒரு குடும்பத்தின் கண் தீர்மானித்தது. இன்றைக்கு நாம் 'அசல் காங்கேயம்' என்று மார்க் போடுகிற லட்சணங்களில் அந்தக் கண்ணுக்குப் பங்குண்டு. இப்போது நத்தக்காடையூர் பக்கம் பழையகோட்டையில் ஞாயிறுதோறும் காங்கேயம் மாடுகளுக்கென்றே சந்தை கூடுகிறது. விலையும் படமும் வாட்ஸ்அப்பில் பறக்கின்றன. குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பால் கறக்காத ஜீவனுக்கு வாரத்தில் ஒரு நாளாவது விலை சொல்ல ஆள் இருக்கிறது.

அரசாங்கமும் போட்டி நடத்தாமலில்லை. கால்நடை மருத்துவ முகாம்களில் சிறந்த கன்றுக்குப் பரிசு கொடுப்பார்கள். எவர்சில்வர் பாத்திரம் மாதிரி ஏதாவது. ஆனால் அது கிடேரிக் கன்றுக்கு. கொழுகொழுவென்று நிற்கிற கலப்பினக் கன்றுக்குப் பக்கத்தில் நம் செவலைக் கன்று ஒல்லியாக, கால் மட்டும் நீளமாக, ஹாஸ்டலிலிருந்து வந்த பையன் மாதிரி நிற்கும். எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காளைக் கன்றுக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது.

சாயங்காலம் கண்ணபுரத்தில் வெயில் இறங்கியது. அந்த இறங்கு பூரான் கன்று அப்படியே நின்றிருந்தது. முதலாளி காலையில் சொன்ன விலையைப் பற்றி இப்போது பேசுவதில்லை. ஒரு லாரிக்காரர் வந்தார். அவர் சுழி பார்க்கவில்லை. பல்லும் பார்க்கவில்லை. பின்சப்பையை மட்டும் ஒருமுறை உள்ளங்கையால் அளந்தார். பெரியவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தரகர் துண்டை உதறி எடுத்த நேரத்தில் இரண்டு பையன்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். இருபத்தைந்து வயதிருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலையாம். அதில் ஒருத்தன் கன்றை அவிழ்க்கச் சொன்னான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருபதடி நடக்க விட்டான், பிறகு ஓட விட்டான். கூட அவனும் ஓடினான். மற்றவன் குனிந்து, பின்னங்கால் முன்னங்கால் தடத்தைத் தாண்டி விழுகிறதா என்று மண்ணில் தடம் பார்த்தான். இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"தம்பி, பூரான் எறங்குதுங், பாத்துக்கிட்டீங்களா?" என்றார் பெரியவர். சொல்லாமல் விட்டால் பாவம் என்று நினைத்திருப்பார்.

"பாத்தனுங்க, அப்பாரு. சென்சாருக்குப் பூரானெல்லாம் தெரியாதுங்களே!"

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லாரிக்காரர் போகவில்லை, நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பையன் கையைத் துண்டுக்குள் விட்டான். முதலாளி இந்த வருஷம் மழை எப்படி என்று ஆரம்பித்தார். துண்டு கொஞ்ச நேரம் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. கன்று இரண்டடி தள்ளி, தரையில் கிடந்த சோளத்தட்டை மென்றுகொண்டிருந்தது.